நின்றுகொண்டே சாப்பிட்டவர்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்தது, நாற்காலிகளும் இருந்தன. உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. மேசைமேல் இஸ்திரி போடாத துணி ஒரு குவியல், பழைய லிஃப்ட் பொத்தான்கள் ஒரு டப்பா, பாதி கழற்றிய மின்விசிறி ஒன்று. மனுஷர் சமையலறையில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அதுவும் மனைவி குளிக்கப் போன நேரம், துணி காயப்போடப் போன நேரம் பார்த்து. கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வேலைக்கு நேரமாச்சு." "வெளியிலயே சாப்ட்டுட்டேன்." "உட்கார்ந்து சாப்ட்டா தொப்பை போடுதாம், பேப்பர்ல போட்டிருக்கான்." தொப்பையாம், தொப்பை! இடுப்பில் நிற்காத பெல்ட்டுக்கு ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு திரிகிற ஆளுக்குத் தொப்பை ஒன்றுதான் குறைச்சல்.

உண்மை என்னவென்றால், விழுங்கியது கீழே இறங்கவில்லை. தொண்டையைத் தாண்டும், நெஞ்சு வரைக்கும் போகும், அங்கே நின்றுவிடும். முதலில் ரொட்டி மட்டும் நின்றது. பிறகு உருளைக்கிழங்கு. கடைசியில் வெறும் தண்ணீரே நின்று யோசித்துவிட்டுத்தான் போனது. அவரும் சும்மா இல்லை, தனக்குத்தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு வாய் சாப்பாடு, அரைச் செம்பு தண்ணீர், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முதுகைப் பின்னால் வளைத்து, ஒரு குதி. அதிர்ஷ்டம் இருந்தால் நெஞ்சுக்குள் 'களுக்' என்று சத்தம் கேட்கும், இறங்கிவிடும். இல்லாவிட்டால் கழுவுதொட்டியில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வேலைக்குப் போய்விடுவார். இந்த சர்க்கஸையெல்லாம் பெண்டாட்டி முன்னால் எப்படிச் செய்வது?

அந்தப் பெண்டாட்டி யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பயிற்றுநர். குடல் துண்டைக் கண்ணாடித் தொட்டியில் கட்டித் தொங்கவிட்டு, அது சுருங்குவதையும் விரிவதையும் மாணவர்களுக்குக் காட்டுவதுதான் வேலை. வீட்டில் அவர் 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவராததால், ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். யார் லிஃப்டில் மாட்டினார்கள், எந்த மாணவன் கண்ணாடியை உடைத்தான், எல்லாக் கதையும் அந்த மேசையில்தான். இரண்டு வருஷமாக அது இல்லை. தன் சமையல் அலுத்துவிட்டதோ, அல்லது எதிரே உட்காரும் தன் முகமே அலுத்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதும் இருக்கிறாள்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். சமையலறையில் கணவர் கன்னம் உப்ப, கண் பிதுங்க, கைகளை மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? யாரு துப்பாக்கியக் காட்டினா?"

வாயில் சாப்பாடு. தொட்டிப் பக்கம் ஓடினார். குட்டு வெளிப்பட்டுவிட்டது. அசடு வழிய முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என் சமையல் பிடிக்கலன்னு நான் எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? எண்ணெயக் குறைச்சேன், காரத்தக் குறைச்சேன், உப்பக் குறைச்சேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சமையலுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. இறங்கத்தான் மாட்டேங்குது."

"ஊர்ல இருக்கற குடலையெல்லாம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்கறேன். வீட்டுல ஒரு குழாய் அடைச்சுக் கிடந்திருக்கு, எனக்குத் தெரியல பாருங்க," என்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நேரே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளையாக ஒரு குழம்பைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். உணவுக் குழாய் மேலே பை போல வீங்கி, அடியில் கயிறு போட்டுக் கட்டியது போல ஒடுங்கியிருந்தது. கட்டி இல்லை, புற்று இல்லை என்று அவள் சொன்னதும் இருவருக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது.

"குழாயோட அடியில ஒரு வளையத் தசை இருக்குங்க," என்றாள் டாக்டர். "கை கால் தசை மாதிரி நாம நினைச்சு அசைக்கறது இல்ல. குடல்ல இருக்கற மாதிரி, தன் பாட்டுக்கு வேலை பாக்கற மென்தசை. அதுக்கு ரெண்டு வகை நரம்பு. ஒண்ணு இறுக்குன்னு சொல்லும், இன்னொண்ணு விடுன்னு சொல்லும். உங்களுக்கு விடுன்னு சொல்ற நரம்பு அழிஞ்சுபோச்சு. இறுக்குன்னு சொல்றது மட்டும் நல்லா இருக்கு. அதனால சாப்பாடு வந்தாலும் கதவு திறக்கறதில்ல."

"அப்போ போன நரம்ப மாத்திக் குடுங்க."

"அது முடியாதுங்க. தசையையே வெட்டி விடற ஆபரேஷன் இருக்கு. ஆனா உங்களுக்கு இப்பத்தான் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரைய இப்ப நிறுத்த முடியாது. ஒரு வருஷமாவது போகட்டும். அதுவரைக்கும் அந்த வளையத்துல ஊசியில ஒரு சின்ன அளவு மருந்து போட்டுடலாம். இறுக்குன்னு சொல்ற நரம்போட வாயையும் அது அடைச்சிடும். வளையம் தளர்ந்திடும்."

"என்ன மருந்து?"

டாக்டர் நேர்மையானவள். அங்கேதான் வந்தது வினை. "உண்மையச் சொன்னா, அது ஒரு விஷம்ங்க. கெட்டுப்போன டப்பா உணவுல வளர்ற கிருமி விடற நரம்பு விஷம். நாம போடறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஆறு மாசம் தாங்கும். அதுக்குள்ள நரம்பு புது முனை விட்டுடும், திரும்பவும் போடணும்."

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார்.

வழியெல்லாம் புலம்பல்தான். "விஷமாம்! தசை செத்துப்போச்சுன்னா? இப்பவாவது குதிச்சா இறங்குது, அப்புறம் அதுவும் போச்சு. சரி, அத விடு. ஆறு மாசத்துக்கு ஒருக்காப் போடணுமாம். தற்காலிக வேலையில நான் கை வைக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். என் நெஞ்சுலயே வந்து ஒட்டுப்போடுவாங்களாம்!"

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கயிறு தேய்ந்தால் கயிற்றை மாற்றுவார், டேப் சுற்றமாட்டார். "இந்த வாரம் மட்டும் ஓட்டிக் குடுங்களேன்" என்று கெஞ்சினவர்களிடமெல்லாம் கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வீம்பை அப்படியே கொண்டுவந்து தன் நெஞ்சுக் குழாயிலும் மாட்டிவிட்டார். இந்த மாதிரித் தப்பை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கால்தான் செய்ய முடியும். டாக்டர் பயமுறுத்தவும் செய்திருந்தாள்: இப்படியே விட்டால் குழாய் இன்னும் வீங்கும், தேங்கிய சாப்பாடு தூக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும், உடம்பு இளைத்துக்கொண்டே போய் ஒருநாள் படுத்துவிடுவீர்கள் என்று. மனுஷர் கேட்டால்தானே! ஊசி வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

டீச்சரம்மா சண்டை போடவில்லை. அன்று ராத்திரி தட்டைப் போட்டுக்கொண்டு வந்து, சமையலறையில் அவருக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீ ஏம்மா நிக்கற? போய் உக்காரு."

"நீங்க உக்கார்ற அன்னைக்கு நானும் உக்கார்றேன்."

"உனக்கு முட்டி வலி."

"இருக்கட்டும்."

மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். அவர் ஒளிந்து சாப்பிடப் பார்த்தால் தட்டோடு பின்னாலேயே வந்தாள். அவர் குதித்தால் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி மாறி நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் சட்டைக்குள் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்ததைப் பார்க்க அவளுக்கும்தான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் அவளுக்குச் சோதனை வேலை இருந்தது. விடுமுறை நாளில் தனியாக இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. முன்கூட்டியே சொல்லிவிட்டால் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வரலாம். "பை தூக்க வாங்க," என்றாள். அவரும் வந்தார். அந்தச் சோதனை டாக்டர் சொன்ன அதே விஷத்தைப் பற்றியது என்பதை அவள் வாசல் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

"அடிப்பாவி!"

"தள்ளி அந்த ஸ்டூல்ல உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

முன்பக்கம் திறந்த கண்ணாடிக் கூண்டுக்குள் விரல் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதில் உடம்புச் சூட்டுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழிகள். நடுவில் கினிப் பன்றியின் குடல் துண்டு ஒன்று, கீழ்முனை கொக்கியில், மேல்முனை நூலில். நூல் இழுபடுவதைத் திரையில் ஒரு கோடு காட்டியது. கோடு தானாகவே மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் ஒண்ணும் பண்ணலயே, அது பாட்டுக்கு ஆடுது?"

"அதான் மென்தசை. சாப்பாடும் சூடும் காத்தும் குடுத்தா மணிக்கணக்கா உயிரோட இருக்கும்."

"பரவால்லயே. என்னவிட நல்லாச் சாப்பிடுது."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். மின் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் கோடு சட்டென்று மேலே குத்தி இறங்கியது. "இந்த அளவு கரண்ட் தசைக்குப் போதாது. உள்ள இருக்கற நரம்பைத்தான் எழுப்பும். நரம்போட முனையில குட்டிக் குட்டிப் பை இருக்கு. அது உடைஞ்சு ஒரு ரசாயனம் சிந்தும். சுருங்குன்னு தசைக்கு வர்ற ஆர்டர் அதுதான்."

பிறகு இரட்டைக் கையுறை போட்டாள், கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டு, துளியிலும் துளியாக அந்த விஷத்தைத் தொட்டியில் சேர்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கோடு முன்போலவே குத்திக் குத்தி எழுந்தது. காத்திருந்தார்கள். அவர் திருகாணி ஒன்று தளர்ந்திருப்பதாகப் புகார் சொன்னார், சும்மா இருங்கள் என்றாள். கதை பேச ஆரம்பித்தார்கள். எந்த லிஃப்டில் யார் மாட்டினார், எந்த மாணவன் எதை உடைத்தான். எதிரெதிரே உட்கார்ந்து அப்படிப் பேசி எவ்வளவு காலமாயிற்று என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மதியம் தாண்டியபோது குத்துகள் குட்டையாகிவிட்டன. இன்னும் குட்டை. பிறகு பொத்தானை அழுத்தினாலும் கோடு எழவே இல்லை. மெக்கானிக் திரையைக் கைகாட்டினார்.

"பாத்தியா? செத்துப்போச்சு. நான் சொன்னேன்ல?"

அவள் இன்னொரு குப்பியிலிருந்து ஒரு துளியை விட்டாள். நரம்பு சிந்துமே, அதே ரசாயனம். கோடு ஒரே தாவலாகத் திரையின் உச்சிக்குப் போய் நின்றது. மெக்கானிக்கும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"மோட்டார் ஓடுதே!"

"மோட்டாருக்கு என்னைக்கும் ஒண்ணும் ஆகல. ஆர்டர் வர்றதுதான் நின்னுபோச்சு. விஷம் அந்தப் பைய உடைய விடாது, அவ்வளவுதான். தசை உயிரோட இருக்கு."

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தத் துண்டையே வெகுநேரம் பார்த்தார். விஷ பயம் அன்றோடு போயிற்று. வெளியே வரும்போது அவரே சொன்னார்: "சரி, விஷம்ங்கறத விட்டுடறேன். ஆனா ஆறு மாசம்னு சொன்னா பாரு, அதுதான்..." அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. மனைவியின் தம்பிதான் அவருக்குத் தொழிலில் கூட்டாளி, இருவரும் போனார்கள். லிஃப்டின் கதவைத் திறக்கச் சொல்லும் மின்சுவிட்ச், அதாவது ரிலே, கருகிவிட்டது. மூடச் சொல்லுவது மட்டும் நன்றாக இருக்கிறது. அதனால் கதவு மோட்டார் மூடு மூடு என்று இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. கையால் இழுத்தால் எதிர்த்துத் தள்ளியது. பாகம் கடல் தாண்டி வரவேண்டும், சில வாரம் ஆகும். மேல்மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். வாரத்துக்கு இருமுறை சிறுநீரகச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி போயாக வேண்டும். அவர் மகள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வேற வழியே இல்லயாண்ணே? அப்பா கீழ வரணும். அது போதும்."

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். பிறகு மெயினை அணைத்தார், கதவு மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டார். கதவு தளர்ந்து, விரல் பட்டதும் நகர்ந்தது. முழுக்கச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும் என்ற பாதுகாப்புப் பூட்டு வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். கையால் திறந்து மூடிக்கொள்ளச் சொல்லி, கூடவே ஏறி, பெரியவரைக் கீழே கொண்டுவந்தார். மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.

மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மாமா, தற்காலிக வேலையில கை வெச்சுட்டீங்க? மழை வரப்போகுது."

"தற்காலிகமோ என்னவோடா! பார்ட் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அந்த மனுஷன் மாடியிலயே கிடக்கணுமா? மூடறத நிறுத்தினா கதவு தானா..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மச்சான் பயந்துபோனான். "என்ன மாமா, நெஞ்சு வலியா?"

"நெஞ்சுதான்டா," என்றார். அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். "டீச்சரம்மா, அந்த டாக்டர்கிட்ட நாள் கேளு. ... ஆமா, ஊசிக்குத்தான். ... ஏம்மா அழற? ஆய்வகத்துல எல்லாரும் பாக்கப்போறாங்க."

ஊசி ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, அந்த வளையத்தில் நாலு பக்கமும் போட்டார்கள். உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அந்தச் சில நாளும் அவர் சூப் மட்டும் குடித்தார், நின்றுகொண்டு. எதிரே அவளும் தட்டோடு நின்றாள். ஆய்வகத் திரையில் கோடு குட்டையாவதற்குக் காத்திருந்ததுபோலவே காத்திருந்தார்கள். ஆனால் அன்றைக்குப் போலப் பேச்சு வரவில்லை. குணமாகாவிட்டால் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது மேசையில் துணி இல்லை, பொத்தான் டப்பா இல்லை, மின்விசிறி உத்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கைகழுவிவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் சூப்பு எங்கயும் நிக்காமப் போன மாதிரி இருந்துச்சு. எனக்கு ரொட்டி வேணும். உருளைக்கிழங்கும்."

அவள் சமைத்தாள். அவருக்கு வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டுக் கிழங்கோடு சேர்த்து மென்றார். விழுங்கினார். கைகள் தாமாகவே மேலே போகக் கிளம்பின. பாதி வழியில் நின்றன. நெஞ்சில் அடைப்பு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. தண்ணீர் செம்பு தொடாமல் இருந்தது. இன்னொரு வாய். அதுவும் போயிற்று. மூன்றாவது வாயை அவசரப்படாமல், நாக்கில் வைத்து மெதுவாக மென்றார். சாப்பாட்டின் ருசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க? நிக்குதா?" அவளுக்கு உயிரே போய்விட்டது.

"அதெல்லாம் இல்ல. என்ன இது, உப்பே இல்ல?"

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "ரெண்டு வருஷமாக் கம்மியாத்தாங்க போடறேன். உங்களுக்குப் பிடிக்கலயோன்னு."

அவர் தலை குனிந்தது. ருசி தெரியாத அவசரத்தில் விழுங்கிய அத்தனை சாப்பாட்டையும் அவள் அதே உப்பில்லாமல்தான் கூடவே தின்றிருக்கிறாள். பிறகு காலால் எதிர் நாற்காலியை வெளியே தள்ளினார்.

"உப்ப எடுத்துட்டு வந்து உக்காரும்மா."

அவள் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவர் தன் தட்டில் போடுவதற்கு முன்னால் அவள் தட்டில் ஒரு சிட்டிகை தூவினார்.